செத்த பல்லை வாயில் வைத்திருக்கலாமா? வேர் சிகிச்சையும் உடல்நலமும்

கெட்டுப்போன பல்லைப் பிடுங்காமல், உள்ளே இருக்கும் நரம்புச் சதையை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது வேர் சிகிச்சை (ரூட் கெனால்). அதைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு செய்திகள் மக்களிடம் உலவுகின்றன. முதலாவது சமூக ஊடகங்களில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது: "வேர் சிகிச்சை செய்த பல் செத்த பல். அது ரத்தத்தில் நஞ்சைக் கலக்கிறது. மாரடைப்பு, மூட்டுவாதம், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். உடனே பிடுங்கிவிடுங்கள்." இரண்டாவது 2025 இறுதியில் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து வந்தது. வேர் சிகிச்சை செய்துகொண்ட 65 பேரை 2 ஆண்டு தொடர்ந்து பரிசோதித்ததில், அவர்களுடைய ரத்தச் சர்க்கரையும் கொழுப்பு அளவுகளும் மேம்பட்டிருந்தன என்றது அந்த ஆய்வு.

உடலைக் கெடுக்கிறது என்று ஒரு தரப்பும், உடலைச் சீராக்குகிறது என்று இன்னொரு தரப்பும் சொன்னால், பல்வலியோடு நிற்கிறவர் எதை நம்புவார்? இதற்கு விடை காண, பல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பல்லுக்குள் இருப்பது என்ன

பல்லின் வெளியே தெரியும் வெள்ளை ஓடு எனாமல். அதற்குள் டென்டின் என்ற கெட்டியான அடுக்கு. அதற்கும் உள்ளே, நடுவில், நரம்பும் ரத்தக்குழாய்களும் நிறைந்த மென்மையான சதை இருக்கிறது. இதுதான் பற்கூழ். பேச்சு வழக்கில் "பல் நரம்பு" என்று சொல்வது இதைத்தான். கூழ், பல்லின் தலைப்பகுதியில் ஒரு சிறு அறையாகவும், அங்கிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் மெல்லிய கால்வாயாகவும் இறங்குகிறது. வேர் நுனியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை. கூழுக்கான ரத்தம் பெரும்பாலும் அந்தத் துளை வழியாகத்தான் வந்து போகிறது.

விரலில் அடிபட்டால் விரல் வீங்கும், பிறகு வடியும். பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. சுற்றிலும் கல் போன்ற சுவர். சொத்தை வழியாகக் கிருமி நுழைந்து கூழ் அழற்சியடைந்தால் வீங்க இடமில்லை. அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் வெளியேறும் வழி நசுங்குகிறது, கூழ் சிறிது சிறிதாகச் சாகிறது. படுத்தால் வலி கூடுவதும் இதனால்தான். தலை தாழும்போது அங்கே ரத்த அழுத்தம் இன்னும் ஏறுகிறது. பகலில் பொறுத்துக்கொள்ள முடிகிற பல்வலி ராத்திரியில் தூங்கவிடாமல் செய்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சீரழிவைப் படிப்படியாக அடையாளம் காணலாம்:

1. குளிர்ந்த நீர் பட்டால் சுரீர் என்கிறது, சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தால் போதும்.

2. சூடான காபி குடித்து முடித்த பிறகும் நிமிடக்கணக்கில் வலி நீடிக்கிறது, அல்லது எதுவும் படாமலே தானாகக் கிளம்புகிறது. கூழ் பெரும்பாலும் மீளாத நிலைக்குப் போய்விட்டது.

3. ஒரு நாள் வலி திடீரென்று நின்றுவிடுகிறது. பலர் "சரியாகிவிட்டது" என்று நிம்மதியடைவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் கூழ் செத்துவிட்டது. வலியை உணரும் நரம்பே இல்லை.

4. செத்த கூழில் பெருகும் கிருமிகளின் கழிவு வேர் நுனித் துளை வழியாக எலும்புக்குள் கசிகிறது. அங்கே எலும்பு கரைகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருப்பாக ஒரு வட்டம் தெரியும். தாது கணிசமாகக் கரைந்த பிறகே அது படத்தில் தெரியும் என்பதால், படத்தில் கருமை இல்லை என்பதே நோய் இல்லை என்பதற்கு உறுதி ஆகாது.

5. சிலருக்கு ஈறில் ஒரு சிறு பரு தோன்றி, உடைந்து, சீழ் வடிந்து, மறுபடி தோன்றும். அழுத்தம் வெளியேறிவிடுவதால் வலி இருக்காது. வலி இல்லாததால் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

நான்காவது, ஐந்தாவது நிலைகளை எட்டியவருடைய தாடை எலும்புக்குள், வெளியே தெரியாத ஒரு நாள்பட்ட புண் இருக்கிறது. பல்லுக்கும் உடல்நலத்துக்குமான தொடர்பு பற்றிய பேச்செல்லாம் இந்தப் புண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது.

இதில் கிருமியின் பங்கை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது 1965-ல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவர் செய்த சோதனை. சாதாரண எலிகள் ஒரு பக்கம், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகள் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் கடைவாய்ப்பல்லைத் துளைத்து, கூழைத் திறந்து அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியில்லா எலிகளுக்கோ, துளைக்குள் உணவு திணிந்துகிடந்தும், கூழ் உயிரோடு இருந்து புது டென்டினால் துளையைத் தானே மூடத் தொடங்கியது. கிருமி இல்லாவிட்டால் நோயும் இல்லை. வேர் சிகிச்சை என்ற முறையின் அடித்தளமே இதுதான்.

சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்

1. லிக்னோகெயின் 2% ஊசி போட்டுப் பல்லை மரக்கச் செய்கிறார்கள். ஒரு பல்லுக்குப் பொதுவாக 1 முதல் 2 மி.லி. போதும்.

2. பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டுகிறார்கள். எச்சிலில் உள்ள கிருமி உள்ளே போகாமலும், கருவியோ மருந்தோ தொண்டைக்குள் விழாமலும் காப்பது இது. நேரத்தை மிச்சப்படுத்த இதைத் தவிர்க்கும் இடங்கள் நிறைய. தவிர்க்கக் கூடாத படி இது.

3. பல்லின் மேற்புறம் துளையிட்டு எல்லாக் கால்வாய்களின் வாயையும் கண்டுபிடிக்கிறார்கள். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் 4 கால்வாய், கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் 3 அல்லது 4. மேல் கடைவாய்ப்பல்லின் நான்காவது கால்வாய் தலைமுடி போல மெல்லியது, எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

4. ஏபெக்ஸ் லொக்கேட்டர் என்ற மின்கருவியாலும் எக்ஸ்ரேயாலும் கால்வாயின் நீளத்தை அளக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் வேர் நுனிக்கு அரை முதல் 1 மி.மீ. முன்னதாக நிறுத்துவதே இலக்கு. குறைந்தால் கிருமி மிஞ்சும். மிகுந்தால் எலும்பு குத்துப்படும்.

5. ஃபைல் எனப்படும் ஊசி போன்ற அரங்களால் கால்வாயை அகலப்படுத்துகிறார்கள். ஆனால் அரம் கால்வாய்ச் சுவரின் எல்லாப் பகுதியையும் தொடுவதில்லை. மீதியைச் சுத்தம் செய்வது மருந்துத் திரவம்: 1 முதல் 5.25% வரையான சோடியம் ஹைப்போகுளோரைட். செத்த சதையைக் கரைப்பதும் கிருமியைக் கொல்வதும் இதன் வேலை. கடைசியில் 17% ஈ.டி.டி.ஏ. கரைசலை ஏறக்குறைய 1 நிமிடம் விட்டு, சுவரில் அப்பிய தூளைக் கழுவுகிறார்கள்.

6. சீழ் கட்டிய பல்லானால் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை உள்ளே வைத்துத் தற்காலிகமாக மூடி, ஓரிரு வாரம் கழித்து வரச் சொல்வதுண்டு. பி.எச். அளவில் 12-க்கு மேல் போகும் கடும் காரத்தன்மை கொண்ட பசை அது. மிஞ்சிய கிருமிகளில் பெரும்பாலானவை அதில் பிழைப்பதில்லை.

7. கால்வாய் காய்ந்ததும் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளையும் சீலர் பசையையும் கொண்டு நிரப்பி மூடுகிறார்கள்.

8. மேலே நிரந்தர அடைப்பு, கடைவாய்ப்பல்லானால் அதற்கு மேல் முழு கேப், அதாவது பல்லின் தலையை முழுக்க மூடும் உறை.

எட்டாவது படியை விருப்பச் செலவு என்று நினைப்பவர்கள் ஏராளம். அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வேர் சிகிச்சைப் பற்களை 8 ஆண்டு பின்தொடர்ந்து 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 97% பற்கள் வாயில் நிலைத்திருந்தன. பிடுங்க நேர்ந்தவற்றில் 85% முழு கேப் போடாதவை. உள்ளே எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்திருந்தாலும், மேலே கசிந்தால் எச்சில் வழியே கிருமி திரும்ப இறங்கிவிடும். அல்லது பல் பிளந்துவிடும்.

"செத்த பல்" என்பது எவ்வளவு உண்மை

கூழை எடுத்துவிட்டால் பல்லின் உட்புறத்துக்கு ரத்தமோ உணர்வோ இல்லை. அந்த அளவுக்கு அது உண்மை. ஆனால் பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேரைச் சுற்றி ஒரு உயிருள்ள நார்ப்படலம் இருக்கிறது. அதற்குத் தனி ரத்த ஓட்டமும் நரம்பும் உண்டு. சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டால் வேர் சிகிச்சை செய்த பல்லிலும் சட்டென்று தெரிவது இந்தப் படலத்தால்தான். உடல் அந்தப் பல்லை அந்நியப் பொருளாக ஒதுக்குவதில்லை.

எதிர்ப்பாளர்கள் சொல்வதில் ஒரு பகுதி சரி, அதை மறைக்க வேண்டியதில்லை. டென்டின் முழுக்க நுண்ணிய குழல்கள் ஓடுகின்றன. அவை அனைத்தையும் கிருமி நீக்கிச் சுத்தமாக்குவது இன்றைய எந்த முறையாலும் இயலாது. கிருமிகளின் எண்ணிக்கையை, உடல் தானே சமாளிக்கும் அளவுக்குக் கீழே கொண்டுவந்து, மிஞ்சியவற்றுக்கு உணவு கிடைக்காதபடி அடைத்துவிடுவதுதான் சிகிச்சை. அது பலித்ததா என்பதை எலும்பே காட்டிவிடும். வேர் நுனிக் கருமை சுருங்கி எலும்பு வளர்ந்தால் கிருமி அடங்கிவிட்டது. சுருங்காமல் இருந்தால் அடங்கவில்லை. ரகசியமாக நஞ்சு கசிகிறது என்ற குற்றச்சாட்டுக்கு, எலும்பு மறுபடி வளர்ந்திருக்கும் எக்ஸ்ரே படம்தான் நேரடியான பதில்.

அச்சம் எங்கிருந்து வந்தது

1910-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு உரை நிகழ்த்தினார். அழுகிய வேர்களை அப்படியே விட்டு அவற்றின் மேல் தங்கக் கேப்பும் பிரிட்ஜ் எனப்படும் செயற்கைப் பல் வரிசையும் கட்டும் அன்றைய பல் மருத்துவத்தைக் கடுமையாகச் சாடினார். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. பல் எக்ஸ்ரே அப்போது பரவலாகவில்லை, கிருமி நீக்கமும் ஒழுங்காக இல்லை. ஆனால் அந்த உரையிலிருந்து ஒரு கோட்பாடு கிளைத்துப் பரவியது. உடலின் ஒரு மூலையில் உள்ள கிருமித்தொற்றே மூட்டு, இதயம், மூளை என்று எங்கும் நோயை விதைக்கிறது என்றது அது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ் இதைச் சோதனையால் காட்ட முயன்று 1923-ல் முடிவுகளை வெளியிட்டார். நோயாளியிடமிருந்து பிடுங்கிய வேர் சிகிச்சைப் பல்லை முயலின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார். முயல்கள் நோயுற்றன. இன்று சமூக ஊடகத்தில் உலவும் செய்திகளின் வேர் இந்த முயல்களில்தான் இருக்கிறது.

சோதனையின் பிழைகள் பின்னர் வெளிப்பட்டன. பல்லைப் பிடுங்கும்போது ஈறிலும் எச்சிலிலும் உள்ள கிருமிகள் வேரில் ஒட்டிக்கொள்கின்றன. பல்லுக்குள் இருந்தது எது, வெளியிலிருந்து ஒட்டியது எது என்று பிரித்தறிய அவரிடம் வழி இல்லை. ஒரு சிறு விலங்குக்குள் போன கிருமியின் அளவோ மிக அதிகம். ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த கட்டுப்பாட்டுக் குழுவும் இல்லை. 1938-ல் சீசில், ஆஞ்செவைன் என்ற இரு மருத்துவர்கள் மூட்டுவாதம் கொண்ட 200 பேரை ஆராய்ந்து, பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் நோய் தீரவில்லை என்று காட்டினார்கள். இவர்களில் சீசில், முன்பு அதே கோட்பாட்டை ஆதரித்தவர்.

கோட்பாடு வீழ்வதற்குள் லட்சக்கணக்கான நல்ல பற்கள் பிடுங்கப்பட்டன. மிகக் கொடிய அத்தியாயம் நியூஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் நடந்தது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஹென்றி காட்டன், மனநோய்க்குக் காரணம் மறைந்திருக்கும் தொற்று என்று நம்பி நோயாளிகளின் பற்களையும், பிறகு குடலையும்கூட அறுத்தெடுத்தார். பலர் இறந்தார்கள். ஒரு மருத்துவக் கோட்பாட்டைச் சரிபார்க்காமல் நம்புவதன் விலை இது.

இந்த வாதத்தை மீண்டும் கிளப்பிய ஓர் ஆவணப்படம் 2018-ல் வெளியானது. அமெரிக்கப் பல் மருத்துவ அமைப்புகள் எழுதிய கடிதத்துக்குப் பிறகு 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் அதை நீக்கியது. அதிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் இன்னும் சுற்றுகின்றன.

உண்மையான தொடர்புகள்: உறுதியானவையும் உறுதியாகாதவையும்

*1. நேரடியாகப் பரவுதல்.* இது உறுதியானது, உயிருக்கும் ஆபத்தானது. கீழ்த் தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர் நுனி, வாயின் தரைத்தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்குக் கீழே அமைந்திருக்கிறது. அங்கே சீழ் கட்டினால் அது வாய்க்குள் உடையாமல் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கும். இரு பக்கமும் வீங்கி நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழலை அடைக்கும் நிலைக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், குரல் மாற்றம், காய்ச்சலோடு பரவும் வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பல் கிளினிக்கில் வரிசையில் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்ற பயம் ஆழமாக இருக்கிறது. பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வெவ்வேறு. ஒன்றை எடுத்தால் மற்றது கெடாது. கண்ணுக்கு ஆபத்து வருவது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதால்தான். மேல் கோரைப்பல்லில் கட்டும் சீழ் கன்னம் வழியே கண்ணைச் சுற்றிப் பரவலாம். அரிதாக, முக ரத்தக்குழாய்கள் வழியே மூளையடி வரைகூடப் போகலாம். ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்து, சைனஸ் மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்றால், அந்தப் பக்க மேல் கடைவாய்ப்பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வேர் நுனிக்கும் சைனஸ் அறைக்கும் நடுவே பலருக்கு மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே இருக்கிறது.

*2. ரத்தத்தில் கிருமி.* வேர் சிகிச்சையின்போது சிறிது நேரம் கிருமிகள் ரத்தத்தில் கலக்கலாம், குறிப்பாகக் கருவி வேர் நுனியைத் தாண்டும்போது. பல் துலக்கும்போதும் மெல்லும்போதும் இதுவே நடக்கிறது. பல் பிடுங்கும்போது இன்னும் அதிகம். ஆரோக்கியமானவருடைய உடல் நிமிடங்களில் அவற்றை அழித்துவிடும். செயற்கை இதய வால்வு பொருத்தியவர், முன்பு இதய உள்ளுறைத் தொற்று வந்தவர், குறிப்பிட்ட சில பிறவி இதயக் குறைகள் உள்ளவர் போன்ற சிலருக்கு அந்தக் கிருமி வால்வில் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, இவர்களில் பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் 2 கிராம், சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, ஒரே தடவை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்துகள் உண்டு. வாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால், அவர்கள் தங்கள் இதய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

*3. சர்க்கரை நோய்.* தொடர்பு வலுவாகத் தெரிகிறது, இருபுறமும் ஓடுகிறது. சர்க்கரை கட்டுப்படாதவர்களிடம் வேர் நுனிப் புண் அதிகம் காணப்படுகிறது, சிகிச்சைக்குப் பின் ஆறவும் தாமதமாகிறது. மறுபுறம், உடலில் நாள்பட்ட அழற்சி இருந்தால் இன்சுலின் வேலை செய்வது தடைபடலாம். லண்டன் ஆய்வின் முடிவு இதோடு பொருந்திப்போகிறது. ஆனால் 65 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை நம்பி யாரும் சர்க்கரை மாத்திரையைக் குறைக்கக் கூடாது. மாத்திரையைச் சரியாகப் போட்டும் சர்க்கரை இறங்காதவர்கள், கால் புண்ணைப் பார்ப்பதுபோல வாயையும் ஒருமுறை பரிசோதிப்பது பொருள் உள்ள செயல்.

*4. இதய ரத்தக்குழாய் நோய்.* வேர் நுனிப் புண் உள்ளவர்களுக்கு சி.ஆர்.பி. போன்ற அழற்சிக் குறியீடுகள் உயர்ந்திருப்பதும், இதய நோய் கூடுதலாக இருப்பதும் பல ஆய்வுகளில் தெரிகின்றன. ஆனால் புகை, சர்க்கரை, வறுமை ஆகியவை பல்லையும் இதயத்தையும் சேர்த்தே கெடுப்பவை. பல் நோய்தான் மாரடைப்பைக் கொண்டுவந்தது என்று சொல்ல இன்று ஆதாரம் போதாது.

*5. புற்றுநோய்.* வேர் சிகிச்சை புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. 2013-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தலை, கழுத்துப் புற்றுநோய் ஆய்வில், பல பற்களுக்கு வேர் சிகிச்சை செய்திருந்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் குறைவாகவே காணப்பட்டது. அதனால் வேர் சிகிச்சை புற்றுநோயைத் தடுக்கும் என்று பொருள் கொள்ளவும் கூடாது.

பிடுங்குவதா, காப்பதா: உடல் நோய் உள்ளவர்களுக்கு

"எனக்குத்தான் ஏற்கெனவே இத்தனை வியாதி, பல்லைப் பிடுங்கிவிட்டால் தொல்லை விட்டது" என்று முடிவு செய்பவர்கள் அதிகம். பல நோய்களில் கணக்கு நேர்மாறாக இருக்கிறது.

எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் எலும்பு மருந்து எடுப்பவர்கள். வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை, சொலெட்ரோனிக் அமில ஊசி, டெனோசுமாப் ஊசி ஆகியவை எலும்பின் இயல்பான புதுப்பித்தலைத் தடுப்பவை. பல் பிடுங்கிய குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்து அழுகும் அபாயம் இவர்களுக்கு உண்டு. புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல். இவர்களுக்கு வேர் சிகிச்சையே பாதுகாப்பு. பல்லின் தலை முழுக்க உடைந்திருந்தாலும், வேரைச் சுத்தம் செய்து அடைத்து எலும்பிலேயே விட்டுவைப்பதும் ஒரு வழி. பெண்கள் பலர் இந்த மாத்திரையை "கால்சியம் மாத்திரை" என்று நினைத்துப் பல் மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறார்கள். மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

தாடைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள். வெற்றிலைபாக்கு, புகையிலையால் வரும் வாய்ப்புற்று இந்தியாவில் மிக அதிகம். கதிர்வீச்சு பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பத்து ஆண்டு கழித்துப் பிடுங்கினாலும் எலும்பு அழுகலாம். சிகிச்சை தேவைப்படும் பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு வந்தால், முடிந்தவரை வேர் சிகிச்சைதான்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர்கள் வேர் சிகிச்சைக்காகப் பொதுவாக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. இதய மருத்துவரைக் கேட்காமல் நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடும் ஆபத்து பல்வலியைவிடப் பன்மடங்கு பெரியது. சிகிச்சைக்குப் பின் வலிக்கு இவர்கள் இபுபுரூஃபன் வகை மாத்திரை எடுக்கக் கூடாது, ரத்தக்கசிவு கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அதே தடை. பாராசிட்டமால் போதும்.

உயர் ரத்த அழுத்தமும் இதய நோயும். அழுத்தம் 180/110-ஐத் தொட்டால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போடுவது வழக்கம். மரப்பு ஊசியில் உள்ள அட்ரினலின் பற்றி இதய நோயாளிகள் அஞ்சுகிறார்கள். அவர்களுக்கான உச்ச அளவு ஒரு அமர்வுக்கு 0.04 மி.கி. என்று கொள்ளப்படுகிறது. 1:80,000 விகித மருந்தில் அது சுமார் 3 மி.லி. ஆகிறது. ஒரு பல்லுக்குத் தேவைப்படுவது இதைவிடக் குறைவு. மரப்பு போதாமல் வலியில் துடிக்கும்போது உடலே சுரக்கும் அட்ரினலின்தான் அதிகத் தீங்கு.

சர்க்கரை நோயாளிகள். காலை உணவும் மாத்திரையும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு முற்பகலில் போவது நல்லது. பலர் கவனிக்காத ஒன்று: ஊசியின் மரப்பு 2, 3 மணி நேரம் நீடிக்கும், அதுவரை உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்ளும் பயத்தில் சாப்பிட முடியாது. இன்சுலின் போட்டுவிட்டு மதிய உணவு தவறினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கையில் பழச்சாறு இருக்கட்டும், மரப்பு இல்லாத பக்கமாகக் குடிக்கலாம்.

கர்ப்பிணிகள். 4 முதல் 6 மாதம் வரை வசதியான காலம். சீழும் கடும் வலியும் இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. லிக்னோகெயின் ஊசி பாதுகாப்பானது. ஒரு சிறிய பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து நாம் ஒரு நாளில் பெறும் அளவை ஒட்டியே இருக்கிறது. இபுபுரூஃபன் வேண்டாம், டெட்ராசைக்ளின் கூடாது.

எங்கே தவறுகிறது

வேர் சிகிச்சை கெட்டுப்போகும் வழிகளில் மிகச் சாதாரணமானது நோயாளியின் கையில் இருக்கிறது: பாதியில் நிறுத்துவது. முதல் அமர்விலேயே கூழை எடுத்ததும் வலி போய்விடும். மேலே வைத்திருப்பது 3, 4 மி.மீ. தற்காலிக அடைப்பு. சில வாரங்களில் அது தேய்ந்து கசியும். திறந்த கால்வாய்க்குள் எச்சிலும் கிருமியும் புகும். ஆறு மாதம் கழித்து முகம் வீங்கி வரும்போது, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பிருந்த நிலையைவிட மோசமாக இருக்கும்.

மருத்துவர் தரப்பில் நேர்பவையும் உண்டு. கால்வாய் ஒன்று கண்ணுக்குத் தப்பினால் அதிலேயே கிருமி தங்கும். வளைந்த வேரில் ஃபைல் முறிந்து உள்ளேயே நிற்கலாம். முறிந்த உலோகம் தனக்குள் தீங்கானதல்ல, அதற்கு அப்பால் சுத்தம் செய்ய முடியாமல் போவதுதான் சிக்கல். நோயாளியிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். ஹைப்போகுளோரைட்டை அழுத்திச் செலுத்தினால் வேர் நுனி தாண்டிப்போய், நொடிகளில் கடும் எரிச்சலும் வீக்கமும் கன்னத்தில் ரத்தக்கட்டும் வரும். இதைத் தவிர்க்கவே பக்கவாட்டில் துளையுள்ள மெல்லிய ஊசியை நுனிக்கு 2 மி.மீ. முன்பாக நிறுத்தி மெதுவாகச் செலுத்துகிறார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் சீலர் பசை நரம்புக் குழாய்க்குள் மிகுந்து போனால் உதடு மரத்துப்போகும். மரப்பு மறுநாளும் தெளியவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும். காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை அது.

மிக அதிகத் தீங்கு செய்கிற பழக்கமாக நாங்கள் கருதுவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூன்று நாள் ஆன்டிபயாட்டிக். மருந்து ரத்தத்தின் வழியேதான் போகும். செத்த கூழுக்குள் ரத்தமே ஓடவில்லை, பிறகு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? வேரைச் சுற்றிய அழற்சி தற்காலிகமாக அடங்கும், கிருமிக் கிடங்கு அப்படியே இருக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். காய்ச்சல், பரவும் வீக்கம், நோய் எதிர்ப்பு குன்றிய நிலை ஆகியவை இருந்தால்தான் ஆன்டிபயாட்டிக் தேவை. அப்போதும் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றுவதோடு சேர்த்துத்தான். காய்ச்சலோ வீக்கமோ இல்லாத வெறும் பல்வலிக்கு அது எழுதப்பட்டால், எதற்காக என்று கேட்பது நோயாளியின் உரிமை.

முடிந்த பிறகு பார்க்க வேண்டியவை

1. முதல் 2, 3 நாள் கடிக்கும்போது லேசான வலி இயல்பு. நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்பப் போக வேண்டும்.

2. கேப் போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, வறுத்த கடலை, கரும்பு வேண்டாம். கேப்பைச் சில வாரங்களுக்குள் போட்டுவிட வேண்டும்.

3. சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே, அடைத்து முடித்ததும் எடுத்த எக்ஸ்ரே இரண்டின் நகலையும் வாங்கி மொபைலில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் ஒப்பிட இவை இல்லாமல் முடியாது.

4. 1 ஆண்டு கழித்து ஒரு எக்ஸ்ரே. பெரிய கருமை முழுக்க ஆற 4 ஆண்டுவரை ஆகலாம், ஆனால் ஓராண்டில் சுருங்கத் தொடங்கியிருக்க வேண்டும். சுருங்காவிட்டால் மறு வேர் சிகிச்சை, அதுவும் பலிக்காவிட்டால் வேர் நுனியை மட்டும் அறுத்தெடுக்கும் சிறு அறுவை, அதற்கும் வழியில்லை என்றால்தான் பிடுங்குதல். வலியும் வீக்கமும் பருவும் இல்லாமல், ஓராண்டுப் படத்தில் எலும்பு வளர்ந்து தெரிகிற பல்லை, எந்த உடல் நோயின் பெயராலும் பிடுங்க வேண்டியதில்லை.